வவுச்சர் இல்லாத காஸ்: ஏசி பழுதுச் செலவு பற்றி ஒரு தணிக்கைக்காரியின் நோட்டிலிருந்து

எங்கள் வீட்டில் மளிகைக்கு ஒரு நோட்டு, வாடகைக்கு ஒரு நோட்டு, ஏசிக்கு ஒரு நோட்டு. கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் 31 ஆண்டுகள் குப்பை கொட்டியவளுக்கு ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருப்பதில்லை. பில்லைக் கண்டால் விரல் சிவப்புப் பேனாவைத் தேடுகிறது.

சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். ஊரைச் சுற்றிலும் மலை: சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறை இரவில் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. ஏற்காட்டில் இருக்கும் என் தங்கை வீட்டில் ஆண்டில் பாதி நாள் மின்விசிறியே சுற்றுவதில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்தால் இங்கே சித்திரையில் ஏசி இல்லாமல் கண் மூட முடிவதில்லை. கீழே இரண்டு, மாடியில் குடித்தனக்காரருக்கு ஒன்று, ஆக மூன்று இயந்திரங்கள். 2014 முதல் அவற்றுக்கு ஆன ஒவ்வொரு ரூபாயும் நோட்டில் இருக்கிறது. இங்கே நான் சொல்லும் தொகைகள் எங்களுக்கும், குடித்தனக்காரருக்கும், பில்லைக் கொண்டுவந்து என்னிடம் காட்டிய தெருக்காரர்களுக்கும் ஆனவை. உங்கள் ஊரில் நூறு இருநூறு கூடலாம், குறையலாம்.

மூன்று முறை காற்றில் போனது

படுக்கையறை ஏசி 2014 மே மாதம் வாங்கியது, ஒன்றரை டன். 2019 கோடையில் குளிர் குறைந்தது. வந்தவர் வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டில் மீட்டரை மாட்டிப் பார்த்து, "காஸ் தீர்ந்துவிட்டது அம்மா" என்றார். 2,400 ரூபாய். 2021-இல் வேறொருவர், அதே வசனம், 2,600. 2022-இல் இன்னொருவர், 2,800. மொத்தம் 7,800 ரூபாய். மூன்று முறையும் வாய் பேசாமல் எண்ணிக் கொடுத்தேன். ஒரு சங்கச் செயலாளர் இப்படி மூன்று ஆண்டுகள் ஒரே செலவை எழுதியிருந்தால் அவரை விட்டிருப்பேனா?

2023 ஏப்ரலில் நான்காவதாக வந்தது ஓர் இளைஞன், ஐடிஐ-யில் இந்தத் தொழிலைப் படித்தவன். அவனும் மீட்டரை மாட்டினான். பார்த்துவிட்டு அவன் கேட்ட கேள்வி: "அம்மா, உங்கள் ஃபிரிட்ஜுக்கு வருடா வருடம் காஸ் போடுகிறீர்களா?"

போடுவதில்லை. அந்த ஃபிரிட்ஜ் என் மகள் கல்யாணத்துக்கு முந்தையது.

அதுதான் விஷயம். ஏசிக்குள் இருக்கும் காஸ் அடுப்பில் எரிந்து தீரும் சமையல் காஸ் போன்றதல்ல. மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் வெப்பத்தை வாங்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. மறுபடியும் உள்ளே வருகிறது. அது தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். ஓட்டையை அடைக்காமல் காஸ் நிரப்புவது, விரிசல் விட்ட குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல.

அந்தத் தம்பி மறுநாள் காலை மொபெட்டின் பின்னால் நைட்ரஜன் சிலிண்டரைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்தான். குழாய்க்குள் நைட்ரஜனை ஏற்றினான். அழுத்தத்தைக் காட்டும் மீட்டரின் முள் 300-இல் நின்றது. ஒரு கிண்ணத்தில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து, நுரையைத் தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே வந்தான். வெளியே ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கும் இன்டோர் யூனிட்டைச் சுவரிலிருந்து சற்றே முன்னால் இழுத்து, பின்னால் குழாய் சேரும் இடத்தில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரித்தான். அங்கே ஒரு பித்தளை நட். அதில் நுரை வைத்ததும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கடுகளவு ஒரு குமிழி எழுந்தது. உடைந்தது. இன்னொன்று எழுந்தது. நான்கு ஆண்டுகளாக என் பணம் போன வழி அந்தக் கடுகளவு துளை.

குழாயின் வாயை வெட்டி, புதிதாக விரித்து, நட்டை இறுக்கி, மறுபடியும் 300 வரை ஏற்றினான். காப்பி குடித்து முடிக்கும் வரை முள் அசையவில்லை. ஓட்டை வேலைக்கு 1,200, காஸுக்கு 2,800. அதன் பிறகு அந்த இயந்திரத்துக்குக் காஸ் போடவே இல்லை.

ஆகவே "காஸ் இல்லை" என்று யாராவது சொன்னால் பணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். எங்கே போனது என்று கேளுங்கள். காட்டச் சொல்லுங்கள். காரணம் காட்டாத காஸ், வவுச்சர் (செலவுக்கான அத்தாட்சிச் சீட்டு) இல்லாத செலவு. நைட்ரஜன் இல்லாமல் வருகிறவர் கண்ணுக்குத் தெரியும் இணைப்புகளிலாவது சோப்பு நுரை வைத்துப் பார்க்கட்டும். ஓட்டை நட்டிலோ பற்றவைத்த இடத்திலோ இருந்தால் செலவு குறைவு. உள்ளே இருக்கும் கூலிங் காயிலிலேயே அரிப்பு விழுந்திருந்தால் செலவு பெரிது. தெருவில் ஒருவருக்குப் புதிய காயில், காஸ், கூலி எல்லாம் சேர்த்து 8,500 ஆனது. சாக்கடை ஆவி படும் இடத்திலும், வெள்ளிப் பட்டறைகளின் அமிலப் புகை படும் இடத்திலும் செப்புக் காயில் சீக்கிரம் கெடும். எங்கள் ஊரில் செவ்வாய்ப்பேட்டை, குகை வட்டாரங்களில் இருப்பவர்கள் அவுட்டோர் யூனிட்டை எங்கே வைக்கிறோம் என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பெயர்த்தட்டைப் படியுங்கள்

ஒவ்வொரு அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டிலும் ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். எந்த காஸ், எத்தனை கிராம் என்று அதில் அச்சிட்டிருக்கும். அதைச் செல்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். செலவைப் பற்றிப் பேச உங்களுக்கு இருக்கும் முதல் ஆவணம் அதுதான்.

என் பழைய இயந்திரத்தில் இருந்தது ஆர்-22. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வகை. 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் புதிய இயந்திரங்கள் தயாரிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. பழையவற்றைப் பழுது பார்க்க மட்டும் இன்னும் கிடைக்கிறது. இப்போது வரும் இயந்திரங்களில் பெரும்பாலும் ஆர்-32. சிலவற்றில் ஆர்-290, அது புரொப்பேன், நம் சமையல் காஸுக்கு உறவுக்காரன். இடையில் சில ஆண்டுகள் ஆர்-410ஏ வந்தது. அது இரண்டு காஸ்களின் கலவை என்பதால், கசிந்துவிட்டால் மேலே கொஞ்சம் ஊற்றாமல், மிச்சத்தை எடுத்துவிட்டு முழு அளவையும் புதிதாக நிரப்புவதே முறை.

ஒன்றில் போட வேண்டியதை இன்னொன்றில் போடக் கூடாது. ஆர்-22 இயந்திரத்தில் வேறு காஸைக் கலந்துவிட்டு, முழு விலையையும் வாங்கிப் போனவரைப் பற்றி மாடிவீட்டுக்காரர் சொன்னார். சிலிண்டரில் எழுதியிருப்பதும் பெயர்த்தட்டில் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். இதற்கு இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை.

அடுத்தது எடை. முழுதாக நிரப்பும்போது சிலிண்டரைத் தராசில் வைத்து, பெயர்த்தட்டில் உள்ள கிராம் அளவுக்கு நிரப்ப வேண்டும். அதற்கு முன் வாக்குவம் பம்ப் வைத்துக் குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட வேண்டும். பம்ப் இல்லாமல் வந்து, கொஞ்சம் காஸை வெளியே விட்டுக் காற்றைத் தள்ளிவிடுகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஈரம் உள்ளே தங்கினால், காஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசருக்குத்தான் ஆபத்து. அது 12,000-க்கு மேல். முழு காஸ் நிரப்ப இப்போது 2,800 முதல் 3,500 வரை வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் வாக்குவமும் தராசும் அடக்கம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஆர்-32 லேசாகவும், ஆர்-290 நன்றாகவும் தீப்பற்றக் கூடியவை. ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தீக்குச்சி கொளுத்துகிறவரையும், காஸை எடுக்காமல் குழாயைப் பற்றவைக்கப் போகிறவரையும் தடுத்துவிடுங்கள். இதில் மட்டும் மரியாதை பார்க்க வேண்டாம்.

கம்ப்ரசர் போய்விட்டது என்றால்

பெரும்பாலும் போயிருக்காது. உள்ளே காற்று மட்டும் வருகிறது, குளிர் இல்லை. வெளியே "ம்ம்ம்" என்று ஒரு முனகல், பிறகு டக்கென்று நின்றுவிடுகிறது. இதைக் கேட்டதும் கம்ப்ரசர் என்று தலையில் கை வைக்க வைப்பார்கள். பழைய, இன்வெர்ட்டர் (கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) இல்லாத இயந்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது கெபாசிட்டரை. தகர டப்பா போல இருக்கும் ஒரு சிறு பொருள்; கம்ப்ரசர் கிளம்பவும் ஓடவும் உதவுகிறது. சேலத்து வெயிலில் மொட்டை மாடியில் வெந்து வெந்து அதன் சக்தி குறையும்.

அந்தத் தம்பி கழற்றி மீட்டரில் வைத்தபோது நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். உடம்பில் எழுதியிருந்தது 50 மைக்ரோஃபாரட். மீட்டர் காட்டியது 31. மேல்பக்கமும் லேசாக உப்பியிருந்தது. கூலியோடு 450 ரூபாய். நீங்களே கழற்றிப் பார்க்கிறேன் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். மின்சாரத்தை அணைத்த பிறகும் கெபாசிட்டர் உள்ளே மின்சாரம் வைத்திருக்கும், கையில் அடிக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரை ஓட்டுவது எலக்ட்ரானிக் போர்டு. அதற்கு "கம்ப்ரசர் கெபாசிட்டர் மாற்றினேன்" என்று பில் வந்தால், எது என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

போர்டு என்றதும் ஹாலில் இருக்கும் இயந்திரம் நினைவுக்கு வருகிறது. 2021-இல் வாங்கிய இன்வெர்ட்டர். 2024 ஜூனில் திடீரென்று நின்றது. திரையில் ஏதோ குறியீடு மின்னியது. அணைத்துப் போடுவதற்கு முன் அதைப் படம் பிடித்தது நான் செய்த புத்திசாலித்தனம். பல மெக்கானிக்குகளுக்கு அந்தக் குறியீடே பாதி வேலையை முடித்துவிடும். முதலில் வந்தவர் திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு மாற்ற வேண்டும், 8,600" என்றார். நம் தம்பி அவுட்டோர் யூனிட்டின் மூடியைக் கழற்றினான். போர்டின் மேல், இரண்டு மின்முனைகளுக்குக் குறுக்கே, வால் ஒரு பக்கம் தலை ஒரு பக்கமாக ஒரு பல்லி காய்ந்து கிடந்தது. கருவாடு மாதிரி.

பல்லி விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறார்கள். போர்டில் விழுந்தால் என்ன பலன் என்று இல்லை. போர்டை மட்டும் கழற்றி, பழுது பார்க்கும் கடைக்கு அனுப்பினோம். ஒரு ஃபியூஸ், ஒரு பிரிட்ஜ் டையோடு கருகியிருந்தன. 1,900 ரூபாயில் முடிந்தது. மூன்று மாதம் பொறுப்பு என்று சீட்டும் கொடுத்தார்கள். எல்லாப் போர்டும் இப்படி மீளும் என்று சொல்ல மாட்டேன். புதிது வாங்குவதற்கு முன் பழையதைப் பார்க்கக் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். வயர் நுழையும் துளைகளைச் சுற்றிப் பல்லியும் எறும்பும் புகாமல் அடைக்கச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

பணமே ஆகாத பழுதுகள்

மாடியில் குடியிருக்கும் தம்பதி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடிவந்தார்கள். கட்டில்மேல் தண்ணீர் சொட்டுகிறது. ஆளை வரச் சொன்னால் 600 கேட்கிறார்கள். போய்ப் பார்த்தால் ஃபில்டரில் பஞ்சு, மெத்தை தைக்கலாம் போல. எங்கள் தெருவில் விசைத்தறிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. பஞ்சுத் தூசி எங்கும் பறக்கிறது. ஃபில்டர் அடைத்தால் காற்று போகாது. காயிலில் பனிக்கட்டி பிடிக்கும். அணைத்ததும் அது உருகிச் சொட்டும். ஃபில்டரைக் குழாயடியில் கழுவி நிழலில் காயவைத்து மாட்டினோம். பிறகும் கொஞ்சம் சொட்டியது. தண்ணீர் போகும் டிரெய்ன் குழாயில் பாசி. வெளிமுனையில் வாய் வைத்து ஊதாமல், சைக்கிள் பம்பால் இரண்டு அடி அடித்ததும் கொழகொழவென்று வந்து விழுந்தது. செலவு பூஜ்யம். தறி ஓடும் தெருவில் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். மற்ற இடங்களில் மாதம் ஒருமுறை.

மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு சோதனை. பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, இன்டோருக்குள் போகும் காற்றின் வெப்பநிலையையும், வெளியே வரும் காற்றின் வெப்பநிலையையும் ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரால் பாருங்கள். எட்டு முதல் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. குறை அறையில் இருக்கிறது. மேல்தளத்தின் சூடு, ஜன்னல் இடுக்கு, அறைக்குச் சிறிய இயந்திரம். இவற்றுக்குக் காஸ் போட்டுப் பயனில்லை.

ஆண்டுக்கு இருமுறை முழு சர்வீஸ் செய்கிறோம், தண்ணீர் பீய்ச்சிக் கழுவ 600 அல்லது 700. அதற்கு உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளை படிகிறது. காயில் தகடுகளிலும் அதே கதிதான். இரண்டு பக்கெட் காவிரித் தண்ணீர் எடுத்து வையுங்கள். சர்வீஸை மாசி மாதத்திலேயே முடித்துவிடுங்கள். பங்குனி பிறந்துவிட்டால் மெக்கானிக்கைப் பிடிப்பதே கடினம். பிடித்தாலும் நின்று பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. அவசரத்தில் பார்க்கும்போதுதான் எல்லாப் பழுதும் காஸாகத் தெரிகிறது.

பில் வரும் நேரம்

இது என் பழைய தொழில், கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். தொலைபேசியிலேயே கேளுங்கள்: வந்து பார்க்க எவ்வளவு, வேலையைக் கொடுத்தால் அது கழியுமா? இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படும் எண் நிறுவனத்தின் எண்ணாக இருக்க வேண்டும் என்பதில்லை. தெருவில் ஒருவர் அப்படிக் கூப்பிட்டு, ஆள் வருவதற்கு முன்பே 850 ரூபாய் அனுப்பிவிட்டார். ஆள் வரவே இல்லை. உத்தரவாத அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

18 சதவீத ஜிஎஸ்டி போட்டால் பில்லில் பதிவு எண் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே முடியாது. பதிவு இல்லாத சிறு மெக்கானிக்கிடம் ஒரு வெள்ளைத் தாளில் பொருள், கூலி, தேதி, கையெழுத்து வாங்கினால் எனக்குப் போதும்.

கழற்றிய பொருளை உங்களிடமே விட்டுவிடச் சொல்லுங்கள். கெபாசிட்டர் போனால் போகட்டும். செப்புக் காயிலும் கம்ப்ரசரும் பழைய இரும்புக் கடையில் காசு. எடுத்துப் போகிறேன் என்றால் அந்தத் தொகையைப் பில்லில் கழிக்கட்டும். "பத்து ஆண்டு கம்ப்ரசர் உத்தரவாதம்" என்பதில் பத்து ஆண்டு கம்ப்ரசருக்கு மட்டும்தான். காஸ், கூலி, ஏற்றிப் போகும் செலவு உங்கள் தலையில் விழுகிறதா என்று அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். ஆண்டு ஒப்பந்தம் போடுகிறவர்களும் அப்படியே: உதிரிபாகம் அடக்கமா, சர்வீஸ் மட்டுமா? சண்டை முற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

எப்போது கைவிடுவது

2025 மே மாதம், அதே படுக்கையறை இயந்திரம். இம்முறை மெயின் சுவிட்சே விழுந்தது. கெபாசிட்டர் சரியாக இருந்தது. தம்பி கம்ப்ரசரின் மூன்று முனைகளிலிருந்தும் வயரைக் கழற்றிவிட்டு, மீட்டரின் ஒரு கம்பியைச் செப்புக் குழாயிலும் மற்றதை முனைகளில் ஒவ்வொன்றாகவும் வைத்தான். இரண்டாவது முனையில் "பீப்" என்றது. "உள்ளே சுருள் எரிந்து உடம்பில் பட்டுவிட்டது அம்மா. இது நிஜமாகவே கம்ப்ரசர்" என்றான். காஸ், கூலி சேர்த்து 14,500 ஆகும் என்றவன், என் இயந்திரமாக இருந்தால் செய்ய மாட்டேன் என்றும் சொன்னான். வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொன்ன வார்த்தை.

என் கணக்கும் அதுதான். எட்டு ஆண்டு தாண்டிய இயந்திரத்துக்குப் புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவு வந்தால் நிறுத்திவிடுவேன். ஆர்-22 வேறு, மின்சாரச் சிக்கனத்துக்கான நட்சத்திர அளவுகோலையும் 2022 ஜூலையில் இறுக்கிவிட்டார்கள் என்பதால், 2014-இல் ஒட்டிய நட்சத்திரங்களுக்கு இன்று அதே மதிப்பு இல்லை. உடனே வாங்கவில்லை. அந்தக் கோடையை ஹாலில் எல்லோரும் பாய் விரித்துப் படுத்து ஓட்டினோம். செப்டம்பர் 22-இல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. மே மாதம் 42,000 சொன்ன இயந்திரம் 38,700-க்கு வந்தது. பழைய குழாயையே பயன்படுத்தலாமா என்று கேட்டேன். ஆர்-32-க்கு அழுத்தம் அதிகம், பழைய எண்ணெய் மிச்சமும் உள்ளே இருக்கும் என்று புதுக் குழாய் போட்டான். அதில் நான் பேரம் பேசவில்லை.

பழைய இயந்திரத்தை இரும்புக் கடைக்காரர் எடை போட்டு 4,200 கொடுத்தார். வரவில் எழுதி, அந்தப் பக்கத்தின் அடியில் இரட்டைக் கோடு போட்டேன். அடுத்த பக்கத்தின் முதல் வரி, புதிய பெயர்த்தட்டைப் பார்த்து எழுதியது: ஆர்-32, 780 கிராம்.